பதினைந்து இன்ச் பெட்டி

ஜூலை 3, வியாழன்

நான் தாளத்துக்குப் பின்னால் வருகிறேனாம். பாட்டுப் பயிற்சியில் கிங்ஸ்லி சார் இருபது பேர் முன்னால் சொன்னார்.

"பெர்சிஸ், பாட்டு ஒரு தெருவுல போகுது. நீ அடுத்த தெருவுல வார."

எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் பாடும் இரண்டு அக்காமார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மூடினால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு. குனிந்து கிடாரின் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேதக்கோயிலில் பேஸ் கிடார் வாசிப்பது நான்தான். நான்கு தடித்த கம்பிகள், கனத்த சத்தம். இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றுபோனால் பாட்டு ஒரு மாதிரி தள்ளாடும். கிடார் சபையுடையது. முன்பு வாசித்த அண்ணன் வேலைக்குச் சென்னை போனபின் பழுதாகிக் கிடந்து, நான் வேலை செய்யும் கடைக்கு வந்தது. நான்தான் பழுது பார்த்தேன். சரியாகிவிட்டதா என்று வாசித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதை விட முடியவில்லை. ஒரு வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பிரதிஷ்டைப் பண்டிகை. கோயில் கட்டி நூற்று இருபத்தைந்து வருஷம். "அன்னைக்கும் இப்படி இழுத்தேன்னா ஃபெபின்தான் வாசிப்பான்" என்று சார் சொல்லிவிட்டார். ஃபெபின், கமிட்டி மெம்பர் ஜெயசிங் மாமாவின் மகன். சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். அங்கே ஏதோ குழுவில் பேஸ் வாசிக்கிறானாம். ஜெயசிங் மாமா தன் அப்பா நினைவாக பேஸுக்குப் புது ஸ்பீக்கர் பெட்டி அன்பளிப்பு செய்யப்போகிறார். பெட்டி வருகிறது, கூடவே மகனும் வருகிறான்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். கல் கிடந்தது. பொறுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நான் ஏன் பின்னால் வருகிறேன் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது.

எங்கள் கோயிலில் பெண்கள் இடதுபுறம், ஆண்கள் வலதுபுறம். நடுவில் நடைபாதை. பாடகர் குழுவும் அப்படித்தான் பிரிந்து உட்காரும். கீபோர்டு, டிரம், ஒலிபெருக்கிப் பெட்டிகள் எல்லாம் ஆண்கள் பக்கம். வாசிக்கிறவர்களில் நான் ஒருத்திதான் பெண், அதனால் என் நாற்காலி பெண்கள் பக்கம். என் கிடாரிலிருந்து வயர் புறப்பட்டு, நடைபாதைக் கம்பளத்துக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போய்ப் பெட்டியில் சேருகிறது. பெட்டி சபையைப் பார்த்து நிற்கிறது. நான் அதற்குப் பக்கவாட்டில், வெகு தூரத்தில். என் விரல் கம்பியைத் தொடும் கணத்தின் சத்தம் எனக்கு வராது. பின்சுவரில் மோதித் திரும்புகிற உறுமல்தான் வரும். அதைக் கேட்டு வாசித்தால் யாராக இருந்தாலும் பின்னால்தான் வருவார்கள். ஒரு தடவை என் காலடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைத்தார்கள். அது போதகர் ஐயருடைய மைக்கோடு சேர்ந்து ஊளையிட்டது. பிரசங்கத்தின் நடுவிலேயே எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் காஸ்பர் அண்ணனிடம் சொன்னேன். அவர் சவுண்ட் சர்வீஸ் கடைதான் நான் வேலை செய்யும் இடம். கிழிந்த ஸ்பீக்கருக்குக் காகிதக் கோன் ஒட்டுவது, எரிந்த காயிலைச் சுற்றுவது, வயர் பற்றவைப்பது என் வேலை. எல்லாம் பின்னறையில். ஆட்கள் முன்னால் வரவேண்டியதில்லை. காஸ்பர் அண்ணனிடம் மட்டும் என்னால் பேச முடிகிறது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"அப்போ என்ன பெட்டி போடலாங்குத?" என்று கேட்டார்.

"பத்து இன்ச் ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணா, நெட்டுக்குத்தா."

"ஏம் பிள்ள?"

"அது பக்கவாட்டுல நல்லா விரியும். பெரிய கோன் தெளிவை நேர் முன்னாடி மட்டும்தான் அனுப்பும். பக்கத்துல இருக்கவங்களுக்கு உறுமல்தான்."

"இம்புட்டு தெரிஞ்சிருக்கு. போய் சார்ட்ட சொல்லு."

நான் ஒரு வயரை எடுத்துச் சுருட்டினேன்.

"என்ட்ட கடகடன்னு பேசுத. வாசலைத் தாண்டுனா வாயில பூட்டா?" என்றார், ஈயக்கம்பியைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை. மூன்று பாட்டு. மூன்றிலும் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெயசிங் மாமா கடைக்கு வந்தார். நான் பின்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காஸ்பரு, பக்கத்து ஊர்க் கோயில்ல பன்னெண்டு இன்ச் போட்டிருக்கான். நமக்குப் பதினஞ்சு."

"அண்ணாச்சி, இது செருப்பு இல்ல, கால் பெருசுன்னா அளவு கூட்ட. எங்க வைக்கோம், யாரு கேக்கான்னு பாக்கணும்."

"பதினெட்டு இருக்கோ?"

"இருக்கு. வச்சா ஐயர் மேல ஓடு விழும்."

ஜெயசிங் மாமா சிரித்தார். காஸ்பர் அண்ணன் நான் சொன்னபடியே இரண்டு பத்து இன்ச்சை எடுத்துப் பேசினார். பெட்டி ஒல்லியாக, உயரமாக வரும் என்றார். ஜெயசிங் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"அப்போ இது எங்க எழுத?"

அமரர் வேதமாணிக்கம் ஞானாபரணம், அமரர் செல்லக்கனி ஞானாபரணம் நினைவாக, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், மஸ்கட் மற்றும் சென்னை.

"மூணு நாலு வரியா மடிச்சு எழுதிருவோம், அண்ணாச்சி."

"எங்கப்பா பேரை மடிக்கிறதா! நேரா ஒரே வரியில வரணும்டே. கடைசி பெஞ்சுல இருக்கவனுக்கும் தெரியணும். பதினஞ்சுன்னா பெட்டி அகலமா வரும்லா?"

"வரும்."

"பெறவென்ன!"

எங்கள் கோயிலில் எல்லாவற்றிலும் பெயர் உண்டு. பெஞ்சு முதுகில், காணிக்கைத் தட்டில், மின்விசிறி இறக்கையில். விசிறி சுற்றும்போது யார் பெயரும் தெரியாது. அதனால் கரண்ட் போனால் ஒரு குடும்பம் மட்டும் சந்தோஷமாக மேலே பார்க்கும். இதுவரை எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நான் வாசிப்பேனா இல்லையா என்பதை ஒரு பெயரின் நீளம் முடிவு செய்கிறது.

ஜூலை 9, புதன்

அம்மா பள்ளி விடுதியில் சமையல் வேலை. இன்று சீக்கிரம் வந்துவிட்டாள். வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னோடு படித்த எதிர்வீட்டு ஜெமீலா கல்லூரிக்கு நோட்டு வாங்கப் போகிறாள் என்றாள். "நீயும் போயிருக்கலாம்."

"உங்க முட்டுவலியாலதான் நின்னேன்" என்றேன். அதுதான் உண்மை. வீட்டில் ஆள் வேண்டும் என்றுதான் பதினொன்றாம் வகுப்போடு நின்றேன்.

அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என் முட்டு மேல ஏன்ட்டி பழி போடுத? எனக்கு முட்டுவலி வந்தது நீ நின்னதுக்கு அப்புறம்."

தேதி எல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது. தோலைக் கூட்டி அள்ளிவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

ஜூலை 12, சனி

காலையில் கோயில் காலியாக இருந்தது. காஸ்பர் அண்ணன் கடை வண்டியில் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் பதினைந்து, இன்னொன்றில் இரண்டு பத்து. அடுத்த சனிக்கிழமை கமிட்டி கேட்டுப் பார்க்கும். அதற்கு முன் நான் கேட்கவேண்டும் என்றேன். அவர் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டினார். நான் கையில் சாக்பீஸோடு பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். தெளிவாகக் கேட்ட இடத்தில் தரையில் ஒரு கோடு, உறுமல் மட்டும் கேட்ட இடத்தில் ஒரு வட்டம்.

பதினைந்துக்கு: பெண்கள் பக்கம் முழுவதும் வட்டம். என் நாற்காலியில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டேன்.

இரண்டு பத்துக்கு: பெண்கள் பக்கத்திலும் பாதிக்குப் பாதி கோடு. என் நாற்காலியில், சுமாராக, ஒரு கோடு.

பதினைந்து இன்ச் பெட்டியின் முன்னாலேயே போய் நின்றும் பார்த்தேன். அங்கே நன்றாகத்தான் இருந்தது. முன்னால் நின்றால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளில் கோயிலைப் படமாக வரைந்து கோடுகளையும் வட்டங்களையும் அதில் போட்டேன். கீழே ஐந்து வரி எழுதினேன். எழுத்து அழகாக வர மூன்று தாள் ஆனது.

ஜூலை 13, ஞாயிறு

தாளை சாருடைய பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். பெயர் போடவில்லை. போடவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

பயிற்சியில் சார் அந்தத் தாளை எடுத்து ஆட்டினார். எனக்குக் காது சூடானது.

"காஸ்பர் வேலையப் பாருங்க. படமெல்லாம் போட்டு அனுப்பியிருக்கான். அழகாத்தான் போட்டிருக்கான்." சார் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "கடையில பத்து இன்ச் விக்காம கிடக்கு போல. நம்ம தலையில கட்டப் பார்க்கான்."

சார் மோசமானவர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. சிரிக்கவைப்பார், அவ்வளவுதான்.

நான் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அது நான் வரைந்தது. வாயைத் திறந்தால் போதும். நாலு எழுத்து. 'நான்தான்.'

நாளை காஸ்பர் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்னால் அவருக்குக் கெட்ட பெயர்.

ஜூலை 19, சனி

இதை எழுதிவிட்டுத்தான் தூங்கவேண்டும்.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில், பெட்டிக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கோயிலில் முந்நூறு இடம் காலியாக இருக்க, பழகின பெஞ்சைத் தவிர வேறு எங்கும் ஒருவருக்கும் உட்காரத் தோன்றவில்லை. நான் என் நாற்காலியிலிருந்து வாசித்தேன். முதலில் இரண்டு பத்து. பிறகு பதினைந்து.

பதினைந்துக்கு ஜெயசிங் மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இங்கன இடிக்கிடே! இங்கன! முதல்ல வாசிச்சது கொசுவு."

இன்னொருவர், "முதல்ல வந்தது தெளிவா இருந்துச்சே" என்றார்.

"தெளிவா இருக்கதுக்கு இது என்ன ரசமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் அது நடந்தது. சார் என் பக்கம் திரும்பினார். "பெர்சிஸ், வாசிக்கிறவ நீ. உனக்கு எது நல்லா இருக்கு? பதினஞ்சு ஓகேதானே?"

ஏழு முகங்கள், சாரோடு எட்டு. காஸ்பர் அண்ணன் ஓரத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அவர் என்னைப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்று ஆட்டினேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை. கேட்டார்கள், நான் ஆட்டினேன். 'பிள்ளையே சொல்லிருச்சு' என்று ஜெயசிங் மாமா எழுந்துவிட்டார்.

அவர்கள் மேல் கோபப்படலாம். படுகிறேன். ஆனால் இந்தத் தலை என்னுடையது.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன்.

ஜூலை 26, சனி

பெட்டி உருவாகிறது. ஆசாரி பலகை அறுத்து மூன்று பக்கம் சேர்த்துவிட்டார். அகலமாக, குட்டிப் பீரோ மாதிரி இருக்கிறது. ஜெயசிங் மாமா தினமும் வந்து முழம் போட்டுப் பார்க்கிறார். பெயர் எழுதுகிற ஆள் ஏற்கெனவே ஒரு தடவை வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்.

தாளைப் பற்றி நான் காஸ்பர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "என் பேருக்கு ஒரு நல்ல படம் கிடைச்சுதே" என்றார். பிறகு கோனுக்குப் பசை தடவிக்கொண்டே, "ஏம் பிள்ள, பெட்டி உன்ட்ட வரலைன்னா நீ பெட்டிட்ட போயேன்" என்றார்.

"அது ஆம்பளைங்க பக்கம்."

"வேதத்துல எழுதியிருக்கோ?"

"உங்களுக்கென்ன, நீங்க மாசத்துல ஒருநாள் கோயிலுக்கு வாரீங்க."

"வாரன்னைக்கும் நான் பின்னாடி மரத்தடியிலதான் நிக்கேன். அங்க யாரு பக்கமும் கிடையாது." சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூறு பேர் பார்க்க எழுந்து நடக்கச் சொல்கிறார். ஏதோ கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்பது மாதிரி. பத்து இன்ச் வாங்கியிருந்தால் யாரும் எங்கேயும் நடக்கவேண்டியதில்லை. அவருக்கு எதுவும் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று பதினைந்து இன்ச் ஸ்பீக்கரைப் பெட்டியில் பூட்டினோம். உள்வயர் பற்றவைப்பது என் வேலை. இரண்டு முனை. முதல் முனையைச் சரியாகப் பற்றவைத்தேன். இரண்டாவதில் ஈயம் நன்றாக உருகுவதற்கு முன்பே சூட்டுக்கோலை எடுத்துவிட்டேன். மேலே பார்த்தால் பிடித்த மாதிரி இருக்கும். அரைமணி நேரம் சத்தமாக வாசித்தால் அதிர்வில் விட்டுவிடும்.

தெரியாமல் நடக்கவில்லை.

பெயரும் எழுதியாயிற்று. தங்க நிறம். ஒரே வரி.

ஆகஸ்ட் 2, சனி

காஸ்பர் அண்ணன் கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். எட்டுத் திருகையும் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்து, பழைய ஈயத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பற்றவைத்தேன். இழுத்துப் பார்த்தேன். இனி பெட்டி உடைந்தாலும் அந்த முனை விடாது.

மனம் திருந்தியெல்லாம் செய்யவில்லை. பெர்சிஸ் பற்றவைத்தது விட்டுப்போச்சு என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான்.

காஸ்பர் அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். திருகுகளைத் தரையில் உருளாமல் ஒரு மூடியில் எடுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மாவுக்கு முட்டுவலி வந்தது நான் நின்ற பிறகுதான். சரி.

கிங்ஸ்லி சார் எங்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல். ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டு என்னை எழுப்பினார். பதில் எனக்குத் தெரியும். பெஞ்சின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "பெர்சிஸ் வாய் திறக்கிற அன்னைக்கு வகுப்புக்கே நான் மிட்டாய் வாங்கித் தாரேன்" என்றார். அன்போடுதான் சொன்னார். மறுநாளிலிருந்து பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்கப் போனால், பஸ் ஏறினால், வருகைப்பதிவு எடுக்கும்போது நான் கை தூக்கினால், "மிட்டாய் எப்போ? மிட்டாய் எப்போ?" ஒரு மாதம். ஒரு திங்கட்கிழமை சீருடையைத் தேய்த்து வைத்துவிட்டுப் போடவில்லை.

சாருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. ஏன் நின்றுவிட்டேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

நாளை துவைக்க நிறைய இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

கடைசிப் பயிற்சி. பெட்டி ஆண்கள் பக்கம் வந்து நின்றுவிட்டது. மேலே மாலை வேறு.

ஃபெபின் வந்துவிட்டான். கழுத்தில் ஹெட்ஃபோன். எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறான். என்னிடமும், "ஹாய், நீங்கதான் பெர்சிஸா? அப்பா சொன்னாங்க" என்றான். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

வாசித்தேன். பழைய பெட்டியைவிட மோசம். உறுமல் சுவரில் மோதித் திரும்பி வந்து என் முதுகில் இடித்தது. டிரம் அடிக்கும் பையனின் கையைப் பார்த்து வாசித்துப் பார்த்தேன், கண்ணால் எவ்வளவு நேரம் கேட்க முடியும்? இரண்டாம் சரணத்தில் முழுசாக விலகிவிட்டேன்.

சார் கையைத் தூக்கி நிறுத்தினார். இந்த முறை சிரிக்கவைக்கக்கூட இல்லை. "நாளைக்கு முதல் பாட்டு நீ வாசி. சரியில்லைன்னா அடுத்த பாட்டுல இருந்து ஃபெபின். தப்பா நினைக்காத. பண்டிகை."

தப்பாகத்தான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

கோயில் நிறைந்துவிட்டது. மும்பை, சென்னை, வளைகுடா என்று போன எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் பாட்டை நான் வாசித்தேன். நேற்று மாதிரியேதான். சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெபினைப் பார்த்துத் தலையசைத்தார். ஃபெபின் எழுந்து சட்டையைச் சரிசெய்தான்.

ஐயர், "புதிய பெட்டிக்காகவும் கொடுத்த குடும்பத்துக்காகவும் ஜெபிப்போம். கண்களை மூடிக்கொள்வோம்" என்றார்.

முந்நூறு பேரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை. எல்லாருடைய இமைகளையும் பார்த்தேன். சார், ஃபெபின், ஜெயசிங் மாமா, வாயை மூடிச் சிரிக்கும் அக்காமார். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு கூட்டத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எழுந்தேன். கிடாரை மார்போடு பிடித்துக்கொண்டு, வயரைக் கையில் சுருட்டிக்கொண்டே நடைபாதையைக் கடந்தேன். செருப்பில்லாத கால், கம்பளம், சத்தமே இல்லை. ஒரு குழந்தை மட்டும் அம்மா தோளிலிருந்து பார்த்தது. ஐயர் மஸ்கட்டிலுள்ள பேரப்பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது நான் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தார்கள். சார் திறந்த வாயோடு என்னைப் பார்த்தார். ஃபெபின் நின்ற இடத்திலேயே நின்றான். ஆனால் அடுத்த பாட்டுக்கு டிரம்காரன் குச்சியைத் தட்டிவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

வாசித்தேன்.

விரல் தொட்டது, சத்தம் வந்தது. நடுவில் எதுவும் இல்லை. ஒரு வருஷமாக இதுதான் எனக்குக் கிடைக்காமல் இருந்தது. பெட்டி அருமையான பெட்டி. பதினைந்து இன்ச்சைப் பற்றி நான் சொன்னது, எழுதியது, வட்டம் போட்டது எல்லாம் அந்த நாற்காலியைப் பற்றியது. நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்பதற்காகப் பத்து இன்ச், பத்து இன்ச் என்று ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். வாசித்துக்கொண்டே இது புரிந்தது. அப்போதும் சந்தோஷம் வரவில்லை. இன்னும் கோபம் வந்தது. கோபத்தோடு வாசித்தேன். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. மீதி நான்கு பாட்டும் நானே வாசித்தேன், ஃபெபின் உட்கார்ந்துவிட்டான்.

ஆராதனை முடிந்து எல்லாரும் அசனச் சாப்பாட்டுக்குப் பந்தலுக்குக் கிளம்பினார்கள். கறிக்குழம்பு வாசம் கோயிலுக்குள் வரைக்கும் வந்தது. ஜெயசிங் மாமா நேராகப் பெட்டியிடம் வந்தார்.

"பாத்தீரா சார்? பதினஞ்சுன்னா பதினஞ்சுதான்!"

"ஆமா அண்ணாச்சி. இழுவையே இல்ல. நல்ல பெட்டி." சார் என் பக்கம் திரும்பினார். "நீ ஏம் பிள்ள இந்தப் பக்கம் வந்த? நாலு பேரு பாக்குதாங்க. அடுத்த வாரம் உன் இடத்துலயே உக்காரு. சாயங்காலம் கீத ஆராதனைக்கு ஃபெபின் வாசிக்கட்டும். இந்தப் பெட்டியில இனி யாரு வாசிச்சாலும் தாளம் நிக்கும்."

"அப்போ ஃபெபின் அண்ணன் அங்க உக்காந்து வாசிக்கட்டும்."

யார் சொன்னது என்று ஜெயசிங் மாமா சுற்றிப் பார்த்தார்.

"எங்க?" என்றார் சார்.

"என் நாற்காலியில."

ஃபெபின் சிரித்தான். "எங்க உக்காந்தா என்ன? இப்பவே வாசிக்கேன்." கிடாரை வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தான். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முகம் கோணி, கீபோர்டில் சாயங்காலப் பாட்டைத் தொடங்கினார். ஃபெபின் நன்றாக வாசிக்கிறவன்தான், விரல் சுத்தம். ஆனால் இரண்டாவது வரியிலேயே தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தான். நான்காவது வரியில் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். சரணம் முடியும் முன்பே நிறுத்தினான்.

"அங்கிள், இங்க ஒண்ணுமே கேக்கலையே. வெறும் உறுமல்தான். வாசிச்சது அப்புறமா சுவத்துல இருந்து திரும்பி வருது. இங்க உக்காந்து எப்படி வாசிக்க?"

"அப்படியா?" சார் உடனே எழுந்தார். நடைபாதையைக் கடந்து அங்கே போய் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஜெயசிங் மாமாவும் போனார். இரண்டு பேரும் அந்த இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஆமாலா!" என்றார் சார். "இதை இவ்வளவு நாளும் யாருமே சொல்லலையே."

யாருமே.

சாரே நாற்காலியைத் தூக்கிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். "இனி பெர்சிஸ் இங்கயே உக்காரட்டும். ஐயர்ட்ட நான் பேசிக்கிடுதேன். சாயங்காலமும் நீயே வாசி." நல்ல மனதோடுதான் சொன்னார். ஃபெபின் கிடாரை என்னிடம் கொடுத்து, "ஒரு வருஷம் அங்க உக்காந்தா வாசிச்சீங்க?" என்றான். நான் கிடாரை வாங்கிக்கொண்டேன். அவனிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. எனக்கு ஒரு வருஷமும் மூன்று வெள்ளைத் தாளும் ஆனது. அவனுக்கு ஒரு சரணம்கூட ஆகவில்லை. அவன் சொன்னதும் சார் எழுந்து நடந்து போனார்.

சாயங்காலம் கீத ஆராதனை. ஏழு பாட்டு. ஏழும் தாளத்தில் நின்றது. முடிந்து நான் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜெயசிங் மாமா சந்தோஷமாக வந்தார். பெட்டியின் தலையில் இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார்.

"சும்மா பிரமாதமா வாசிச்சுட்டு!" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"வாசிச்சது நான், மாமா" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை போல. வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முக்கால்வாசிக் கோயில் இன்னும் கலையவில்லை, சார் அங்கேதான் நின்றார்.

இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.